ஞாயிற்றுக்கிழமை சுவிட்சைப் போட்டுவிடாதே

பள்ளத்தூர்
ஐப்பசி, அடைமழை நாள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. மூடிக் கிடந்த வீடியோ கேம்ஸ் கடையின், காசு போட்டு ஆடும் கேம் பெட்டி கடைசியில் உன் தேவகோட்டை வீட்டு வளவுக்கே வந்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்துபோயிற்று. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கப் பிள்ளைகள் எல்லாரும் ஊருக்கு வரும்போது அது ஓட வேண்டும் என்கிறாய். கார்த்திகைத் தீபம் கழிந்து இருபத்தோரு நாள் என்று கணக்குப் போட்டால் இன்னும் ஆறேழு வாரம் கையில் இருக்கிறது. தாராளமாகப் போதும். ஆனால் "ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்க்கப்போகிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் செய்யாதே.

காரணம் சொல்கிறேன். பல வருஷம் கரண்டே காணாத பெட்டியில் முதலில் கெட்டுப்போவது, போர்டுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள். உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துவிடும். அப்படிப்பட்ட சப்ளை 5 வோல்ட் தர வேண்டிய இடத்தில் 7, 8 வோல்ட்டைத் தள்ளிவிட்டால் கேம் போர்டில் உள்ள சில்லுகள் (சிப்புகள்) கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். மரப்பெட்டியைத் தச்சர் மறுபடி செய்து கொடுப்பார். ஜாய்ஸ்டிக் புதிதாகவே கிடைக்கும். போர்டு போனால் போனதுதான். எனவே எதைச் செய்வதாக இருந்தாலும் போர்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டுத் தொடங்கு.

நீ அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போர்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன, கீழ்ப் போர்டில் ஒரு பெரிய சதுரச் சில்லில் 'சிபிஎஸ்-ஏ-01' என்று அச்சிட்டிருக்கிறது. அது இந்தக் கேமை உருவாக்கிய கேப்காம் கம்பெனி தானே செய்த சில்லு. கள்ளப் போர்டு என்றால் அந்த இடத்தில் சின்னச் சின்னச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். உன்னிடம் இருப்பது 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அசல் போர்டு. நம் பக்கத்தில் அசல் கிடைப்பது அபூர்வம். பத்திரம்.

முதல் வேலை, பின்கதவைத் திறந்து பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டு. பல்லி செத்துக் கிடக்கிறதா, எலி ஒயரைக் கடித்திருக்கிறதா, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாராவது செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார்களா என்று பார். இந்த மூன்றாவது ரொம்ப சாதாரணம். சப்ளையின் பக்கவாட்டில் 115, 230 என்று ஒரு சின்ன நழுவு சுவிட்ச் இருக்கலாம். 230இல் நிற்கிறதா என்று உறுதி பண்ணிக்கொள். மூடியைத் திறக்காதே. நிறுத்தின பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

அடுத்து, போர்டைக் கழற்றி, மானிட்டருக்குப் போகும் பிளக்கையும் உருவிவிட்டு சப்ளையை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சும்மா ஓட்டினால் பல சப்ளைகள் சரியான அளவைக் காட்டாது, ஏதாவது சுமை வேண்டும். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடு. ஒரு ஆம்பியர் இழுக்கும், சூடாகும், கையில் பிடிக்காதே. இப்போது மல்டிமீட்டரில் 5, 12, மைனஸ் 5 மூன்றையும் பார். பிறகு 5 வோல்ட் லைனையே ஏ.சி. அளவில் வைத்துப் பார். 0.05 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கண்டென்சர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், புது சப்ளை வாங்கிவிடு, பழையதோடு மல்லுக்கட்டாதே. மலிவான மீட்டரில் ஏ.சி.க்கு 200 வோல்ட்தான் மிகச் சின்ன அளவாக இருக்கும். அதில் இந்தக் குறை தெரியவே தெரியாது.

இனி போர்டு. அதன் விளிம்பில் ஒரு பக்கத்துக்கு 28, இரண்டு பக்கமும் சேர்த்து 56 தங்க நிற விரல்கள் இருக்கும். ஜப்பானில் 1985 வாக்கில் கேம் கம்பெனிகள் ஒத்துக்கொண்ட 'ஜம்மா' என்ற பொது ஏற்பாடு அது. எந்தக் கம்பெனி போர்டையும் எந்தப் பெட்டியிலும் மாட்டலாம் என்பதற்காக வந்தது. பாகங்கள் உள்ள பக்கத்தில் 1, 2 கிரவுண்ட், 3, 4 ஐந்து வோல்ட், 5 மைனஸ் ஐந்து, 6 பன்னிரண்டு வோல்ட். ஏழாவது இடத்தில் கனெக்டரில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்க வேண்டும். உன் படத்தில் அது இல்லை. உடைந்து விழுந்திருக்கிறது. தடுப்பு இல்லாவிட்டால் கனெக்டர் தலைகீழாகவும் உள்ளே போகும், போனால் போர்டுக்கு மின்சாரம் தப்பான விரல்களில் ஏறிவிடும். இன்றைக்கே சிவப்பு நெயில் பாலிஷ் எடுத்து போர்டிலும் கனெக்டரிலும் ஒரே பக்கத்தில் பொட்டு வைத்துவிடு.

விரல்கள் கறுத்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடை. உப்புத்தாள் கூடவே கூடாது, மேல்பூச்சு போய்விடும். துடைத்த போர்டை வளவில் வெயிலில் காயவைக்க ஆசை வரும், வைக்காதே. சில சில்லுகளின் முதுகில் வட்டக் கண்ணாடி ஜன்னல் இருக்கும், அதன்மேல் ஒரு ஸ்டிக்கர். கேமின் புரோகிராம் அந்தச் சில்லுகளுக்குள்தான் எழுதியிருக்கிறது, அதை அழிப்பது புற ஊதாக் கதிர். ஸ்டிக்கர் உதிர்ந்துவிட்டால் நேர் வெயிலில் ஒரு வாரம் போதும், எல்லாம் அழிந்துவிடும். உதிர்ந்த இடத்தில் ஒளி புகாத கறுப்பு டேப்பை ஒட்டு.

மறுபடி மாட்டுவதற்கு முன் போர்டின் 5 வோல்ட் விரலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் பார்த்துக்கொள். பீப் அடித்தால் நிறுத்து, எனக்குச் சொல். அடிக்கவில்லை என்றால் மாட்டி, ஆன் செய்து, உடனே வோல்ட் பார். எங்கே பார்க்கிறாய் என்பதுதான் இந்த வேலையின் உயிர். சப்ளையின் முனையில் பார்க்காதே, போர்டின் மேலேயே பார். 14 கால் சில்லு என்றால் பெரும்பாலும் 7 கிரவுண்ட், 14 ஐந்து வோல்ட். 16 கால் என்றால் 8, 16. அங்கே 5.00 முதல் 5.10 வரை இருக்க வேண்டும். 4.75க்குக் கீழே இறங்கினால் கேம் நடுவில் தானாக ரீசெட் ஆகும், படத்தில் குப்பை எழுத்து வரும், 'போர்டு செத்துவிட்டது' என்று சொல்லி எவரோ பாதி விலைக்குக் கேட்பார்கள். 5.25ஐத் தாண்டவே விடாதே.

சப்ளையில் 5.1 இருந்து போர்டில் 4.8தான் வருகிறது என்று வைத்துக்கொள். பலரும் சப்ளையில் உள்ள திருகைத் திருப்பி ஏற்றிவிடுவார்கள். அது தப்பு. நடுவில் 0.3 வோல்ட்டைத் தின்பது மெல்லிய ஒயரும் துருப்பிடித்த கனெக்டரும். அந்த இடம் சூடாகிக் கடைசியில் கருகும். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட விரல் கொடுத்திருப்பதே கரண்டைப் பகிர்ந்துகொள்ளத்தான். கடைக்காரர்கள் ஒன்றில் மட்டும் ஒயர் போட்டு ஓட்டியிருப்பார்கள். எல்லாவற்றிலும் தடித்த ஒயர் போட்டு, கனெக்டரைப் புதிதாக மாற்று. இந்த ஒரு வேலையிலேயே பாதி 'செத்த' போர்டுகள் எழுந்து உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று. ஜம்மாவில் ஒரு ஆளுக்கு மூன்று பட்டன்தான் உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு வேண்டும். குத்து மூன்றும் பெரிய கனெக்டர் வழியாக வரும், உதை மூன்றும் போர்டின் மேலே தனிக் கனெக்டரில். அந்த ஒயர்க்கட்டு உன் பெட்டிக்குள் அநாதையாகத் தொங்குவதைப் பார்த்தேன். உதை வேலை செய்யவில்லை என்று நீ பதறிவிடக் கூடாதே என்று முன்னாலேயே சொல்கிறேன்.

மானிட்டர் பக்கம் நீ கை வைக்காதே, நான் வந்து பார்க்கிறேன். தெரிந்துகொள்ள மட்டும் எழுதுகிறேன். பிக்சர் டியூபின் மேல் ரப்பர் குல்லாய் மாதிரி இருக்கிறதே, அதன் அடியில் ஓடும்போது 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். நிறுத்திய பிறகும் தங்கியிருக்கலாம். அதை இறக்க, பிளாஸ்டிக் பிடி போட்ட நீளமான ஸ்க்ரூ டிரைவரில் ஒயர் கட்டி, ஒயரின் மறுமுனையை டியூபைச் சுற்றியிருக்கும் பின்னல் கம்பியில் மாட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குல்லாய்க்கு அடியில் தொட வேண்டும். மானிட்டரின் சேசிஸ் (டியூபை ஓட்டும் சர்க்யூட்) வீட்டு மெயின் கரண்டோடு நேரடியாகத் தொடர்பு உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். இருந்தால் 230க்கு 230, 200 வி.ஏ. ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மெயின் கரண்டிலிருந்து பிரித்துவைப்பது) இல்லாமல் போர்டோடு அதை இணைக்கவே கூடாது. அப்படி இணைத்தால் காசு போடும் இரும்புக் கதவைத் தொடும் பிள்ளைக்கு ஷாக் அடிக்கும். உங்கள் பழைய வீட்டு ஒயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டு இந்த வாரமே பார்க்கச் சொல். மூன்று துளை பிளக் இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று ஆகாது.

படத்தின் மேல்பகுதி மடிந்து தெரிந்தாலோ உயரம் குறுகினாலோ பயப்படாதே, அதுவும் காய்ந்த கண்டென்சர்தான். டியூப் நல்லதாக இருக்கும்.

"எல்.சி.டி. போட்டுவிடலாமா, ஒரே போர்டில் அறுபது கேம் கிடைக்கிறதாமே" என்று உன் மகன் கேட்டதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் போர்டு தருவது 384க்கு 224 புள்ளி, வினாடிக்கு ஏறத்தாழ 60 படம், 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னல். இப்போதைய திரைகள் பெரும்பாலும் அதை நேரடியாக வாங்கிக்கொள்ளாது, நடுவில் ஒரு மாற்றி வேண்டும். மாற்றி போட்டால் பட்டன் அழுத்துவதற்கும் கை ஓங்குவதற்கும் நடுவே கொஞ்சம் தாமதம் விழும். அந்தக் கேமை வரைந்தவர்கள் டியூபைப் பார்த்துக்கொண்டே வரைந்தார்கள். வரிக்கு வரி இருக்கும் அந்த மெல்லிய இருட்டில்தான் முகமும் தசையும் உருண்டு திரண்டு தெரியும். எல்.சி.டி.யில் அது வெறும் சதுரக் கட்டங்களாகிவிடும்.

காசுப்பெட்டியைப் பற்றி நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன், எனக்குப் பிடித்த பகுதி அது. உன் பெட்டியின் காசு வாங்கி பழைய ஒரு ரூபாய்க்காக அமைத்தது. 1992 முதல் வந்த அந்த எஃகுக் காசு 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2011இல் வந்த ஒரு ரூபாய் சுமார் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். புதுக்காசைப் போட்டால் திருப்பித் துப்பிவிடும், அது பழுது இல்லை. மாற்றி அமைக்காதே மாப்ளே. உண்டியல், அஞ்சறைப்பெட்டி எல்லாம் தேடி ஒரு டப்பா பழைய ரூபாய் சேர்த்து வை. அந்தக் காசு சரிந்து இறங்கி உள்ளே இருக்கும் தகரத்தில் 'டங்' என்று விழும் ஓசையைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் ஸ்டார்ட் பட்டனை அழுத்தட்டும்.

பெட்டியை வளவில் வைக்காதே. சாரலும் ஈரக்காற்றும் ஒரே மழைக்காலத்தில் பிளைவுட்டை ஊதவைத்துவிடும். இரண்டாம் கட்டில் உள்ள அறை நல்லது. நூறு கிலோ கனம் இருக்கும், ஆத்தங்குடிக் கல்லின்மேல் இழுத்தால் பூவில் கீறல் விழும். நான்கு பேர் தூக்கி, அடியில் இரண்டு அங்குல உயரத்தில் கருங்கல் துண்டுகள் வைத்து அதன்மேல் இறக்குங்கள். தரை துடைக்கும் தண்ணீரும் ஏறாது, கரையான் வந்தாலும் கண்ணில் படும். இடம் மாற்றியதும் திரையின் மூலையில் பச்சையோ ஊதாவோ திட்டு தெரிந்தால் அது காந்தக் கோளாறு, காந்தத்தை நீக்கும் டீகாஸ் சுருளைக் காட்டினால் போய்விடும்.

அடுத்ததாக அந்த 'முஸ்தபா' போர்டை வாங்கலாமா என்று கேட்டாய். அந்தக் கேமின் அசல் பெயர் கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், 1993இல் வந்தது. அசல் என்றால் அதற்குள் ஒரு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் போர்டு தன்னைத் தானே மறந்துவிடும். ஓடுவதை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதே. பேக்மேன் வேண்டும் என்றால் தனிப் பெட்டிதான். அது 1980, ஜம்மாவுக்கு முந்தியது, 44 விரல், டியூபை நிமிர்த்தி வைக்க வேண்டும், ஜாய்ஸ்டிக்கும் நாலு திசை மட்டும் போகிறதாக வேண்டும். எட்டுத் திசைக் குச்சியில் ஆடினால் திருப்பங்களில் சிக்கி நிற்கும். நியோ ஜியோ போர்டு எங்கேனும் கண்ணில் பட்டால் முதலில் பேட்டரி இருக்கும் மூலையைப் பார். நிக்கல் கேட்மியம் கசிந்து செம்புக் கோடுகளைத் தின்றிருக்கும். காரைக்குடியில் 'செக்ரி' (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற சீமையில் பிறந்த நமக்கு உலோகம் அரிக்கும் அரிமானத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சை பூத்திருந்தால் வெள்ளை வினிகர், பிறகு தண்ணீர், பிறகு ஆல்கஹால்.

வரும் வியாழன் நான் தேவகோட்டை வருகிறேன். டிரான்ஸ்ஃபார்மரும் டீகாஸ் சுருளும் கொண்டுவருகிறேன். அதற்குள் எனக்கு இரண்டு படம் அனுப்பு: சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள் ஒன்று, டியூபின் கழுத்தில் உள்ள எண் ஒன்று. கழுத்தைத் தொடாமல் எடு, தட்டினால் உடைந்துவிடும். ஆச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பள்ளத்தூர் மச்சான்