சைகோட்டும் கன்ன எலும்பும் சொந்தக்காரர்கள்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கில வழி உயிரியல் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு, வணக்கம்.

சைகோட் (கருவுற்ற முட்டை), ஹெட்டிரோசைகஸ் (ஒரு மரபணுவின் இரு வேறு வடிவங்கள் கொண்டது), சைகோமார்ஃபிக் (ஒரே ஒரு கோட்டில் மட்டும் சரிபாதியாகப் பிரிகிற பூ), சைகோட்டீன் (செல் பிரிவில் குரோமோசோம்கள் ஜோடி சேரும் கட்டம்), சைகோமாட்டிக் (கன்ன எலும்பு), மருத்துவக் கல்லூரிக்குப் போனால் அசைகஸ் (மார்புக்குள் ஒரு சிரை). இவற்றை நீங்கள் கருவுறுதலில் ஒன்று, மரபியலில் ஒன்று, பூவில் ஒன்று, எலும்பில் ஒன்று என்று பிரித்துப் போட்டுவிடுகிறீர்கள், பிள்ளைகளும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நெட்டுரு போடுகிறார்கள். இரண்டு மாட்டைச் சேர்த்துப் பூட்டுகிற நுகத்தடிக்குக் கிரேக்கத்தில் சைகான் என்று பெயர், இணை, சேர்க்கை என்ற பொருளெல்லாம் அதிலிருந்து வந்தவை என்று ஒரே ஒரு வரி எழுதக் கூடாதா?

அசைகஸ் சிரையைப் பாருங்கள். முதுகெலும்பின் வலப்பக்கமாக ஏறி மேற்பெருஞ்சிரையில் போய்ச் சேரும். இடப்பக்கம் ஹெமிஅசைகஸ் என்று ஒன்று இருந்தாலும், அது பாதி வழியில் குறுக்கே திரும்பி இதிலேயே கலந்துவிடும், சரிசமமான ஜோடி என்று சொல்ல முடியாது. முன்னால் நிற்கும் 'அ' இல்லை என்று சொல்வது (அநீதி, அசுத்தத்தில் வருகிற 'அ'வுக்கு உறவுதான்). ஜோடி இல்லாதது என்று பெயரே சொல்லிவிடுகிறது, அப்புறம் எதற்குத் தனியாக மனப்பாடம்?

கன்ன எலும்பும் அப்படித்தான். நெற்றிப்பொட்டு எலும்பிலிருந்து நீளும் முனையோடு சேர்ந்து ஒரு வளைவாகி, முகத்தையும் மண்டையோட்டையும் பூட்டி வைக்கிறது. சிரிக்கும்போது வாயோரத்தை மேலே இழுக்கிற தசைக்கும் இந்த எலும்பின் பெயர்தான்.

இதெல்லாம் மொழி வாத்தியார் வேலை என்பீர்கள். ஹோமோசைகோட் (ஒரே மாதிரி மரபணு ஜோடி உள்ளது), ஹெட்டிரோசைகோட் (வேறுபட்ட ஜோடி உள்ளது) என்று 1902இல் பெயர் வைத்த பேட்சன் மொழி வாத்தியார் இல்லை, மரபியல்காரர். தெரிந்துதான் வைத்தார்.

ஒன்று மட்டும், எழுதினால் சரிபார்த்து எழுதுங்கள். சைமோஜன் (என்சைமின் செயல்படாத முன்வடிவம்), என்சைம் (நொதி) இரண்டும் காதுக்குச் சொந்தம் போல இருக்கும், ஆனால் அவை மாவைப் புளிக்க வைக்கும் பொருளைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை, இரண்டு குடும்பத்தையும் ஒரே பெட்டியில் அடைத்துவிடாதீர்கள்.

இயற்பியல் குழுவிடமும் சொல்லிவையுங்கள்: அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் பூமியும் நிலாவும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வந்து கடல் ஓதம் பெரிதாகிறதே, அந்த சிஸிஜியும் இதே குடும்பம்தான். அடுத்த பதிப்பில் பூ பாடத்திலிருந்தே தொடங்கலாம், சைகோமார்ஃபிக் என்று அச்சிடும் இடத்தில் ஓரத்தில் நிறைய வெள்ளைத்தாள் சும்மாதான் கிடக்கிறது.