ஷூ லேஸை அவிழ்க்காத பையன்

அன்புத் தோழிக்கு,

நீ எழுதி அனுப்பிய நாவலை நேற்று ராத்திரி இரண்டு மணிக்குப் படித்து முடித்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. போனில் கூப்பிட்டிருக்கலாம்தான், ஆனால் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். 18 முடிந்துவிட்டது, நம்ப முடிகிறதா? கழுத்து வலி பரவாயில்லை. மூன்று மாதமாக ஒரு மனநல ஆலோசகரிடம் போய்வருகிறேன். அப்பா போன பிறகு அதைத் தள்ளிப்போட முடியவில்லை. நேரில் பார்க்கும்போது எல்லாம் சொல்கிறேன்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். அந்தப் பையன் உன் கதாநாயகியின் அறைக்கு வருகிற ஒவ்வொரு முறையும் ஷூ லேஸை அவிழ்க்காமலே உட்காருகிறான் பார், அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்தேன். நான்கு மாதம் அப்படியே வருகிறான், போகிறான். அவளும் அதைக் கவனிக்கிறாள், ஆனால் கேட்பதில்லை. கேட்டால் போய்விடுவானோ என்ற பயம். சொல்லாமல் கொள்ளாமல் அப்பா விட்டுப்போன பெண் வேறு எப்படி இருப்பாள்? கீழே விழுந்த பேனாவை அவனே எடுத்துக் கொடுக்கும்போதுகூட இவள்தான் ‘சாரி’ என்கிறாள். தன் அண்ணன் இறந்த இரவில் வண்டி ஓட்டியவன் அவன் என்பதை நீ சொல்வதற்கு முன்பே, இவனுக்குள் ஏதோ உடைந்திருக்கிறது என்று அந்த லேஸ் சொல்லிவிட்டது.

இந்த மாதிரிக் கதைகளை எனக்குக் காட்டியதே என் மகள்தான். ‘நியூ அடல்ட்’ என்கிறார்கள். 2009-ல் செயின்ட் மார்ட்டின்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் நடத்திய போட்டியிலிருந்து அந்தப் பெயர் பரவியதாம். பள்ளி முடிந்து, வாழ்க்கை இன்னும் ஒரு வடிவத்துக்கு வராத வயதுக்காரர்களின் கதைகள். அவள் கொடுத்ததில் ஏழெட்டு படித்தேன். பெரும்பாலானவற்றில் ஒரே குறை: காயம்பட்டவன் எவ்வளவு கொடுமையாக நடந்தாலும், காரணம் தெரிந்த அடுத்த நிமிடம் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடுகிறது. உன் பதினான்காம் அத்தியாயமும் அங்கேதான் வழுக்குகிறது. ஒன்பது நாள் அவன் பேசவில்லை. பத்தாம் நாள் மழையில் நனைந்துகொண்டு வந்து அண்ணனைப் பற்றிச் சொல்கிறான், அவள் கட்டிக்கொள்கிறாள், முடிந்தது. அந்த ஒன்பது நாளைப் பற்றி யாருமே பேசவில்லையே!

ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று உனக்குத் தெரியும். 22 வயதில் என் போனை நீ உன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாய். நான் காதலித்தவனுக்கு மறுபடி மெசேஜ் அனுப்பிவிடக் கூடாது என்று விடிய விடிய விழித்திருந்தாய். அவன் வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும், அவன் மேல் தப்பில்லை என்றும் தெரியும். தெரிந்திருந்தும் அந்த மௌனம் என்னைத் தின்றது. நான் துரத்தத் துரத்த அவன் ஓடினான், அவன் ஓட ஓட நான் துரத்தினேன். அதற்குக் காதல் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆலோசகர் ஒரு விஷயம் சொன்னார். குழந்தை தாயிடம் ஒட்டிக்கொள்ளும் விதத்தைப் பற்றி ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் சொன்னதை, 1987-ல் சிண்டி ஹாசன், பிலிப் ஷேவர் என்ற இரண்டு உளவியலாளர்கள் காதலுக்குப் பொருத்திப் பார்த்தார்களாம். ஒரு நாளிதழில் கேள்விகள் போட்டு வாசகர்களிடம் பதில் வாங்கினார்கள். நெருக்கத்தில் நிம்மதியாக இருப்பவர்கள் 100-க்கு 56 பேர். நெருங்கினால் விலகுகிறவர்கள் 25, விட்டுவிடுவார்களோ என்று பதறுகிறவர்கள் 19. உன் பையன் இரண்டாவது ரகம், உன் பெண் மூன்றாவது. எண்களைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைப் போல இத்தனை பேரா! அன்று எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றல்லவா நினைத்தேன்.

அந்தக் குணம் தலையெழுத்து இல்லை, மாறும் என்றும் சொன்னார். ஆனால் ஒரே கட்டிப்பிடிப்பில் மாறாது. அதனால்தான் கேட்கிறேன், அவளை அவனுக்கு மருந்தாக்கிவிடாதே. அவன் குற்ற உணர்ச்சியை அவன்தான் எங்காவது கொண்டுபோய் இறக்கிவைக்க வேண்டும். அடுத்த முறை மூச்சுமுட்டும்போது ‘எனக்கு இரண்டு நாள் தனியாக இருக்கணும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போகட்டும். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வரட்டும். எனக்கு அந்த மழையைவிட அது பெரிய காட்சி. அவளும் ஒருமுறையாவது கோபப்படட்டும்டி. கோபப்பட்ட பிறகும் அவன் அங்கேயே உட்கார்ந்திருப்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும்.

லேஸை எப்போது அவிழ்க்கிறான் என்பதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். அது உன் கையில் இருக்கிறது.

காலையில் எழுந்து பார்த்தால் மேஜையில் வைத்திருந்த பதினான்காம் அத்தியாயத்தை மகள் நின்றுகொண்டே படித்துக்கொண்டிருந்தாள். நல்லா இருக்கு என்றாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பி, “அம்மா, அந்த ஒன்பது நாளும் அவ எப்படித் தூங்கினா?” என்று கேட்டாள்.

அதை எழுதி அனுப்பு. காத்திருக்கிறேன்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழி