குரலை 3 டெசிபல் ஏற்றிப் பார்த்தேன்

அன்புள்ள தோழிக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று முறை கேட்டேன். "பாடுவது யாருக்கும் புரியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, குரலைக் கொஞ்சம் ஏற்றிவிடலாமா?" என்று கேட்டிருந்தாய். நம் சிங்கிள், அந்த ஒற்றைப் பாட்டு, வெளியாக 15 நாள்தான் இருக்கிறது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டதைச் செய்து பார்த்துவிட்டேன். குரலை 3 டெசிபல் ஏற்றினேன். ஒவ்வொரு சொல்லும் பளிச்சென்று கேட்டது. ஆனால் பாட்டு சின்னதாகிவிட்டது. அதுவரை உன் குரல் கிட்டாருக்குள்ளிருந்து கசிந்து வந்துகொண்டிருந்தது. ஏற்றியதும் நீ முன்னால் வந்து நின்று பாட, பின்னால் வேறு யாரோ வாசிக்கிற மாதிரி ஆகிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாம் நான்கு மாதமாகத் தேடிய பாட்டு மட்டும் அதில் இல்லை.

காக்டோ ட்வின்ஸ் இசைக்குழுவின் பாட்டை உனக்கு முதன்முதலில் போட்டுக் காட்டிய நாள் நினைவிருக்கிறதா? அதன் பாடகி எலிசபெத் ஃப்ரேசர் பாடும்போது பல இடங்களில் என்ன சொல் என்றே பிடிபடாது. சொல்லின் பொருளைவிட அதன் ஓசைக்காகவே பாடியவர் அவர். ராபின் கத்ரியின் கிட்டாரும் அப்படித்தான், எஃபெக்ட் மேல் எஃபெக்ட் ஏறி, எந்தக் கம்பியை எப்போது தட்டினார் என்று தெரியாத ஒரு மேகமாக வரும். நீ அன்று அழுதாய். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்கவே இல்லை.

ஆனாலும் உன் பயத்தில் நியாயம் இருக்கிறது. தமிழில் குறில் நெடிலானால் சொல்லே மாறிவிடும். பெரிய மண்டபத்தில் பாடியதுபோல ஒலியை நீட்டிக் காட்டும் ரிவெர்பின் வால் நீண்டால் 'கல்' என்று பாடியது 'கால்' என்று காதில் விழும். எல்லா ஒலிகளையும் சேர்த்துக் கலந்த முதல் மிக்ஸில் நான் இதை யோசிக்கவே இல்லை. கனவு மாதிரி வரவேண்டும் என்ற ஆசையில் குரல், கிட்டார், டிரம்ஸ், பேஸ் கிட்டார் என்று எல்லாவற்றுக்கும் ரிவெர்ப் போட்டேன். மறுநாள் காலையில் கேட்டால் ஒரே சேறு.

அப்புறம் முதலிலிருந்து தொடங்கினேன். பேஸிலிருந்து ரிவெர்பை முழுக்க எடுத்தேன். ரிவெர்பிலேயே 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்த கனத்த ஒலியை வெட்டினேன், கலங்கல் பாதி தெளிந்தது. குரலுக்கும் அதன் ரிவெர்புக்கும் நடுவே 40 மில்லிசெகண்ட் இடைவெளி விட்டேன். இப்போது நீ 'ட', 'ற' என்று அழுத்துகிற இடம் முதலில் ரிவெர்ப் படாமல் உலர்ந்தே காதில் விழுகிறது, அதன் பிறகுதான் பனி வந்து மூடுகிறது. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 90 பீட். ஒரு பீட்டுக்குச் சுமார் 667 மில்லிசெகண்ட், அதில் முக்கால் பங்கு 500. வாசித்ததைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கவிடும் டிலேயை கிட்டாருக்கு அந்த 500இல் வைத்ததும், அந்த எதிரொலி உன் சொற்களின் மேல் ஏறாமல் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொண்டது. இந்த ஒரு மாற்றத்துக்காக எனக்கு இரண்டு வாரம் தூக்கம் போனது. அந்தத் தூக்கம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்ல வேண்டும். நாம் பதிவுசெய்த 11 டேக்குகளில் நான் வைத்துக்கொண்டது ஏழாவது. களைத்துப்போய், மைக்குக்கு ஒரு சாண் தள்ளி, கிட்டத்தட்ட முணுமுணுப்பாகப் பாடினாயே, அதுதான். நீ குரலெடுத்துப் பாடிய டேக்குகள் ரிவெர்புக்குள் போனதும் கரடுமுரடாகிவிட்டன. ஏழாவதில் உன் மூச்சு கேட்கிறது. அதே மாதிரி இன்னொரு முறை பாடினாயே, அதை இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பிரித்து அடியில் வைத்திருக்கிறேன்.

சரி, என் யோசனை இது. இரண்டாம் சரணத்தில் மட்டும் குரலை 1 டெசிபல் ஏற்றுகிறேன். கடைசி வரி வரும்போது ரிவெர்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, முழுவதும் எடுத்துவிடுகிறேன். மூன்றரை நிமிடம் தூரத்திலேயே இருந்த நீ, திடீரென்று கேட்பவரின் காதருகே வந்துவிடுவாய். அந்த வரி எல்லோருக்கும் புரியும். நீ முதலில் எழுதியதும் அந்த வரிதானே? மற்ற சொற்களை அவர்கள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டுக் கண்டுபிடிக்கட்டும். வேண்டுமென்றால் பாடல் வரிகளைச் சேர்த்தே ஏற்றிவிடலாம்.

வெளியீட்டு வேலையில் பெரிய குழப்பம் இல்லை. 2015 முதல் உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் புதுப் பாட்டுக்கான நாள், நாமும் வெள்ளிக்கிழமையே வருகிறோம். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே பாட்டை அனுப்ப வேண்டும், அதனால் இந்த வாரமே ஏற்றியாக வேண்டும். கடைசி ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்கில் சத்தத்தை இறுக்கச் சொல்லப்போவதில்லை. எப்படியும் ஸ்பாட்டிஃபையில் -14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்கு இறக்கித்தான் ஒலிக்கவிடுவார்கள். இறுக்கினால் மெல்லிய வாலும் உரத்த இடமும் ஒரே உயரத்தில் நின்றுவிடும், நமக்கு நஷ்டம். நடுவில் வரும் அந்த பேஸ் மெட்டு யாருடையது என்று இருவருக்கும் தெரியும், இசையமைத்தவர் பெயரில் அவரையும் சேர்த்துவிட்டேன். வருமானத்தில் அவர் பங்கையும் எழுதி வைத்துவிடலாம்.

தொடக்கம் 38 வினாடி நீளம், வெட்டிவிடு என்று ஒருவர் சொன்னதாகச் சொன்னாய். 30 வினாடி தாண்டினால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு வரும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் வெட்ட எனக்கு மனமில்லை. அந்தக் காத்திருப்பு இல்லாவிட்டால் உன் குரல் நுழைகிற நொடி வெறும் நொடியாகப் போய்விடும்.

இரண்டு ஃபைல்களை அனுப்பியிருக்கிறேன். ஒன்று 3 டெசிபல் ஏற்றியது, இன்னொன்று நான் சொன்னது. விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேள். அதன் பிறகும் முதல் ஃபைல்தான் உன் பாட்டு என்று தோன்றினால் சொல், அதையே மாஸ்டரிங்குக்கு அனுப்பிவிடுகிறேன். நாளை இரவு வரை காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் கிட்டார்க்காரன்