விரலால் காட்டிய வலி

செல்வி,

மூன்று மாதமாகப் பேச்சுமூச்சில்லாமல் இருந்துவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று குண்டு சொன்னான். அவன் சொல்லித் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிட்டதே என்றுதான் வருத்தம்.

நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹூஸ்டனில் நான் பயிற்சிக்குப் போகும் குடல்நோய் கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தார். தொப்புளுக்கு வலப்பக்கம் இரண்டு வருஷமாக வலி. ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல். ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும், போனில் மொழிபெயர்ப்பாளர். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். உள்ளங்கையால் வயிற்றைத் தடவிக் காட்டவில்லை, செல்வி. ஒற்றை விரல் நுனியால் ஒரே இடத்தைத் தொட்டார்.

அங்கேயே என் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, கைகளை மார்பில் கட்டித் தலையையும் தோளையும் தூக்கச் சொன்னேன். போனில் அது ஸ்பானிஷாகி அவர் காதுக்குப் போகும்வரை எனக்கு மூச்சே வரவில்லை. தூக்கியவர் அலறிவிட்டார். வலி கூடிவிட்டது. உள்ளுறுப்பில் கோளாறு என்றால், தசை இறுகும்போது அது கவசம் மாதிரி மறைத்து வலி குறைய வேண்டும். கூடினால் கோளாறு வயிற்றுச் சுவரில். கார்னெட் என்ற சர்ஜன் 1926-ல் எழுதிவைத்தது. ஃபைனல் இயரில் சீஃப் செய்து காட்டினாரே, நீ பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாய்!

டாக்டர் வந்து தானும் ஒருமுறை செய்து பார்த்தார். தசை ஓரத்தில் நரம்பு சிக்கியிருக்கிறது என்று அந்த இடத்திலேயே மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்ந்தார். போனில் ஆள் இருப்பதையும் மறந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, கண் மட்டும் கலங்கிவிட்டது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நம் ஓ.பி.யில் இப்படி ஒற்றை விரலால் காட்டியவர்கள் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? 'கேஸ் டிரபிள்' என்று பான்டபிரசோல் அமில மாத்திரை எழுதி அனுப்பிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தோம். வரிசை அவ்வளவு நீளம், சரி. ஆனாலும் மனசு ஆறவில்லை.

இனி உன் விஷயம். அமெரிக்காவில் பயிற்சி என்று நீ அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். அது வெறுமனே நின்று பார்க்கும் அப்சர்வர்ஷிப் தானே? நோயாளியைத் தொட விடமாட்டார்கள். என் முதல் மாதம் வேறு ஊரில் அப்படித்தான் போனது. கட்டிய பணத்துக்குச் சுவரோரம் நின்றேன், என் பெயர்கூட அந்த டாக்டருக்குத் தெரியவில்லை. ரெசிடென்சி என்ற மேற்பயிற்சிக்கு அவர் எனக்கு எப்படிச் சிபாரிசுக் கடிதம் எழுதுவார்? இங்கத்திய மருத்துவ உரிமத் தேர்வில் ஸ்டெப் 1-க்கு 2022-லிருந்து பாஸ், ஃபெயில் மட்டும்தான், மார்க் கிடையாது. நோயாளியை நேரில் பரிசோதித்துக் காட்டும் ஸ்டெப் 2 சி.எஸ். தேர்வையும் 2021-ல் நிறுத்திவிட்டார்கள். நமக்கு நோயாளி பார்க்கத் தெரியும் என்று சொல்ல, பக்கத்திலிருந்து பார்த்த ஒருவரின் கடிதம்தான் இருக்கிறது.

அதனால் கையால் வேலை செய்ய விடும் எக்ஸ்டர்ன்ஷிப்பாகப் பார். ஹிஸ்டரி நானே எடுக்கலாமா, வயிற்றைப் பரிசோதிக்கலாமா, கேஸை யாரிடம் சொல்வேன், அவர் பக்கத்திலேயே இருப்பாரா, இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேள். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியை நாம் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் முடியும், அதில் ஏமாற வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் வேலையில் எவ்வளவோ இருக்கிறது! 2021-லிருந்து இங்கே சாதாரண ரிஸ்க் உள்ளவர்களுக்கும் 45 வயதிலேயே பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். போன வாரம் ஒரு டிரைவருக்குப் பேதி மருந்தைப் பாதி முந்தின ராத்திரி, மீதி காலையில் என்று மூன்று தரம் சொல்லிப் புரியவைத்தேன். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சி கண்ணிலேயே படாதே.

செப்டம்பரில் ரெசிடென்சி விண்ணப்பம் போக வேண்டும், நாள் அதிகம் இல்லை. அந்த விளம்பரக்காரனுக்குப் பணம் அனுப்பிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குப் போன் பண்ணு, இங்கே சனி ராத்திரி ஒன்பதாக இருக்கும். எங்கள் டாக்டரிடம் உன்னைப் பற்றி இன்னும் பேசவில்லை. நீ சரி என்றால் திங்கட்கிழமையே கேட்கிறேன்.

உன்,
கலா