குலசேகரத்திலிருந்து அப்பா

மக்களே,

இங்கே பத்து நாளாக விடாத மழை. ரப்பர் பால்வெட்டு நின்றுபோய்க் கிடக்கிறது. அம்மா சுகம். மேலவீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, சித்தப்பா இனி வாய் திறக்க மாட்டார். சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கிவிட்டது. பேஸ் என்கிற கீழ்க்குரலில் பாட என்னையும் சேர்த்து மூன்று பேர், அதில் ஒருவர் உதட்டை மட்டும் அசைக்கிறார்.

நீ அனுப்பிய கச்சேரிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செல்லோ வரிசையில் உன்னைக் காணவில்லை. யாருக்காவது பின்னால் மறைந்திருப்பாய். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். முன்பெல்லாம் பக்கம் பக்கமாகத் தட்டி அனுப்புவாய், இப்போது எல்லாம் குரல் செய்தி. வேலை அதிகம், சரி.

அங்கே குளிர் வந்திருக்கும். ஹீட்டர் போட்ட அறையில் காற்று காய்ந்தால் செல்லோவின் மரம் சுருங்கும், மேல்பலகை வெடித்துவிடும். பெட்டிக்குள் ஈரப்பதம் பார்த்துக்கொள். கைக்கும் உறை போடு. வாசிக்கும் முன் வெந்நீரில் கொஞ்சம் வைத்து எடு.

நாகர்கோவிலில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினால் செல்லோவுக்குக் கீழ் பெர்த், எனக்கு மேல் பெர்த். இன்று விமானத்தில் அதற்குத் தனி சீட்டு வாங்குகிறாய். சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்வேன். ஆனால் அப்பாவுக்குப் போன் பண்ணப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை உனக்கு.

செல்லோ மேதை காசல்ஸ் 13 வயதில் பார்சலோனாக் கடையில், பாக் செல்லோவுக்கு எழுதிய ஆறு சூட்களின் இசைத்தாளைக் கண்டெடுத்த கதையைச் சொல்லிச் சொல்லி உன்னைச் சலிக்க வைத்தேன். பன்னிரண்டு வருடம் வீட்டில் வாசித்த பிறகுதான் மேடையில் வாசித்தாராம். இன்னொரு செல்லோ மேதை ஜாக்குலின் டு ப்ரே கதையை மட்டும் சொன்னதில்லை. 1973-ல், 28 வயதில், விரல் மரத்துப்போய் மேடையை விட்டவர். அது நரம்பு நோய், அது வேறு. இதை ஏன் எழுதுகிறேனோ. கைக்கு உறை போடு.

எட்டாம் கிரேடு செல்லோ பரீட்சைக்கு முந்தின வாரம் உன் இடது கட்டைவிரல் வீங்கியது. நீ பழகிக்கொண்டிருந்தது கட்டைவிரலையே தந்தியில் அழுத்த வேண்டிய பகுதி. நீ தைலம் கேட்டாய். ‘வலித்தால்தான் கை பழகும்’ என்றேன். நீ அழுதுகொண்டே வாசித்தாய். நான் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை தடவை என்று எண்ணினேன். அம்மா உள்ளேயிருந்து ‘போதும்’ என்றாள், அவளையும் அதட்டினேன். மார்க் வந்ததும் நான் செய்தது சரி என்று நினைத்துக்கொண்டேன். ரப்பர் மரத்துக்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கத்தி வைக்கிறோம், இலை உதிரும் காலத்தில் அதுவும் இல்லை. கத்தி ஆழமாகப் போனால் பட்டை முண்டு முண்டாகத்தான் வளரும் என்று வெட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். உனக்கு ஒருநாள் கூட விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு மாதம் வந்து இரு. செல்லோ வேண்டாம், இந்த ஈரத்துக்கு அது ஆகாது. யாராவது கேட்டால் அப்படியே சொல்லிவிடலாம். அம்மா எட்டரைக்கே தூங்கிவிடுகிறாள், அதற்குப் பிறகு போன் பண்ணு.

அப்பா