புளி போட்டுத் தேய்த்துவிடாதே

பிலடெல்பியா அருகிலிருந்து,
டிசம்பர் 2025

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

சரி, அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். பழைய வீட்டுப் பரணில் உன் அப்பாவின் செப்புக் காலணாக்கள் இருந்த டப்பா கிடைத்தது, லலிதா புளி போட்டுத் தேய்த்துப் பேரனுக்குக் கொடுக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து நிறுத்தச் சொல்.

இதே தப்பை நான் செய்திருக்கிறேன். இங்கே வந்த புதிதில் ஒரு பழைய சாமான் சந்தையில் 1881-ஆம் வருட அமெரிக்கச் செப்புக் காசு, ஒரு சென்ட், வாங்கினேன். இறகுத் தொப்பி போட்ட தலை இருக்கும், இந்தியன் ஹெட் என்பார்கள். நல்ல சாக்லேட் நிறம். வீட்டில் குத்துவிளக்குத் தேய்க்கக் கரைத்த புளி மிச்சம் இருந்தது. இரண்டே நிமிடம்தான், பளீரென்று ஆகிவிட்டது. மறுவாரம் பெருமையாக நாணயச் சங்கத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெரியவர் விளக்கடியில் வைத்து ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். "இதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது" என்றார். அந்த வார்த்தை இன்னும் எனக்கு வலிக்கிறது.

செம்பு காற்றில் மெல்ல மெல்லப் பழுப்பாகும். அந்தப் பழுப்பு அழுக்கு இல்லை, அதன் தோல். புளி அந்தத் தோலைக் கரைத்துவிடும், கீழே இருக்கும் உலோகமும் கொஞ்சம் அரிபடும். அச்சு விழும் வேகத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகள் உண்டாகும். புது நாணயத்தைச் சாய்த்தால் ஒளி சக்கரம்போலச் சுற்றுவது அந்த வரிகளால்தான். அவை போனால் மிஞ்சுவது ஒருவித ரோஸ் நிற மினுக்கம் மட்டும்.

இந்த வருடம் நான் வாங்கியதைச் சொல்கிறேன். 1820-ஆம் வருடத்துப் பெரிய சென்ட். விக்டோரியா ராணி தலை போட்ட காலணாவைவிடப் பெரியது, கனமும் கிட்டத்தட்ட 11 கிராம். 1793 முதல் 1857 வரை இங்கே சென்ட் என்றால் இந்த அளவுதான். நடுவில் 1815-க்கு மட்டும் சென்ட் கிடையாது. சென்ட் அடிப்பதற்கான வெறும் வட்டச் செப்புத் தகடுகள் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து பீப்பாய்களில் கப்பலேறி வந்துகொண்டிருந்தன. 1812-இல் அந்த நாட்டோடே போர் மூண்டதும் அந்த வரத்து நின்றுபோனது; பிறகு கையிருப்பும் தீர்ந்துவிட்டது.

என் சென்ட்டுக்கு 205 வயது. ஓரங்களில் பழுப்பு, எழுத்துகளின் இடுக்கில் இன்னும் அச்சடித்த அன்றைய சிவப்பு. எப்படி இருக்க முடியும் என்று கேட்பாய். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பழைய ரயில் நடைமேடைக்கு அடியில் ஒரு சின்னப் பீப்பாய் நிறைய சென்ட்டுகள் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். பெரும்பாலும் 1816 முதல் 1820 வரை அடித்தவை. அவை நியூயார்க் மாநிலத்து நார்விச் ஊரைச் சேர்ந்த ஜான் ஸ்வான் ராண்டல் என்பவரிடம் போய்ச் சேர்ந்ததால், ராண்டல் புதையல் என்று பெயர். 1818, 1820 வருட சென்ட்டுகள் இன்றும் புத்தம்புதிதாகக் கிடைப்பதற்கு அந்தப் பீப்பாய்தான் காரணம். அதே நாட்களில் அடித்த மற்றவை கடைக்குக் கடை தேய்ந்து, தலையும் நட்சத்திரமும் மங்கிப் போயின. யார் புதைத்தார்கள், ஏன் திரும்பி வரவில்லை? ராத்திரி அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த ஆளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு சென்ட்டுக்கு நல்ல செல்போன் விலையா என்று நீ கேட்பது நியாயம்தான். இதே காசுக்குத் தேய்ந்த அபூர்வ வருடம் ஒன்று வாங்கியிருக்கலாம். எனக்கு அதில் மனம் போகவில்லை. சாதாரண வருடமாக இருந்தாலும், செதுக்கியவன் போட்ட முடியிழை ஒவ்வொன்றும் தெரிய வேண்டும். 1949-இல் ஷெல்டன் என்ற உளவியலாளர் இந்தப் பெரிய சென்ட்டுகளுக்காகத்தான் 1 முதல் 70 வரை தரம் போடும் முறையைக் கொண்டுவந்தார். இன்று இங்கே எல்லா நாணயத்துக்கும் அதே எண்கள்தான். செம்புக்கு மட்டும் கூடவே நிறமும் எழுதுவார்கள்: சிவப்பு, சிவப்புப் பழுப்பு, பழுப்பு. சிவப்புக்குத்தான் விலை அதிகம். ஆனால் அது என்றைக்கு மங்குமோ என்ற கவலை கூடவே வரும். சீராகப் பழுத்த பழுப்புதான் எனக்குப் பிடித்தது.

அப்புறம், நீ செய்தியில் பார்த்திருப்பாய். போன மாதம் 12-ஆம் தேதி, பிலடெல்பியா நாணயச்சாலையில் புழக்கத்துக்கான கடைசி சென்ட்டை அடித்தார்கள். ஒன்று அடிக்க ஏறக்குறைய 3.7 சென்ட் செலவாகிறதாம், கணக்கு சரிதான். 1982-க்குப் பிறகு வந்தவை துத்தநாகத்தின் மேல் செம்பு முலாம் மட்டுமே. என்றாலும் 232 வருடப் பழக்கம். அன்று சாயங்காலம் வேலை எதிலும் கை ஓடவில்லை.

காலணாக்களை என்ன செய்வது என்றால், ஒன்றும் செய்யாதே. விளிம்பைப் பிடித்து எடு. அதன் மேல் குனிந்து பேசாதே, எச்சில் துளி பட்டால் நாளடைவில் கரும்புள்ளி விழும். மெத்தென்று வளையும் பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போடாதே, அதிலிருந்து பச்சைப் பிசுக்கு இறங்கும். அமிலமும் கந்தகமும் இல்லாத காகித உறையில் போட்டு, ஈரம் படாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்தால் போதும். எதிலாவது பச்சைக் களிம்பு இருந்தால் தனியே எடுத்து வை, நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜனவரி கடைசியில் வருகிறேன். 1820-ஐயும் கொண்டு வருவேன். உன் அப்பாவின் காலணாக்களை அதன் பக்கத்தில் வைத்து, திண்ணை வெயிலில் சாய்த்துப் பார்க்கலாம். லலிதாவுக்கு என் அன்பு. புளியை ரசத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்.

உன்,
கணேசன்