குருசடைத் தீவில் கால் பட்டிருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழில் பாம்பனை ஒட்டி மன்னார் வளைகுடாவில் இருக்கும் குருசடைத் தீவுக்கு ஒருநாள் பயணம் போய்வந்ததைப் பற்றி உங்கள் நிருபர் எழுதியிருந்ததைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டாவது பத்தியில் 'மனிதக் கால் படாத தீவு' என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

என் அம்மா பாம்பன் சின்னப்பாலத்துக்காரர். பத்து வயதில் பாட்டியோடு வள்ளம் ஏறி அந்தத் தீவைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கப் போனவர். மரிக்கொழுந்து, கட்டக்கொறை, கஞ்சிப்பாசி என்று பாசிகளில் எது எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறையில், கிடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். விரல் ஒவ்வொன்றுக்கும் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள். சாயங்காலம் அதை அவிழ்க்கும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, பாறை கிழித்த இடத்தில் உப்பு ஏறியிருக்கும், நான்தான் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். அந்த அம்மாவின் கால் மனிதக் கால் இல்லையா ஐயா? தீவின் பெயரிலேயே குருசு, அதாவது சிலுவை, இருக்கிறது. ஆள் போகாத இடத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கியது உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் எங்கள் ஆட்கள் தீவில் கால் வைத்தால் குற்றம். ஒருமுறை அம்மாவின் மூட்டையைப் பிடுங்கிக் கடலில் கொட்டினார்கள், மூன்று நாள் உழைப்பு. இதே பத்திரிகையில் சில வருஷம் முன்னால் 'பவளத்தை அழிக்கும் பெண்கள்' என்று படம் போட்டீர்கள். அதற்கு நான் எழுதிய கடிதம் இன்றுவரை அச்சில் வரவில்லை. சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டி வெட்டி விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவு கடலுக்குள்ளேயே போய்விட்டது. அதைச் செய்தது பாசி எடுத்த பெண்களா?

இந்த ஜனவரியில் பிள்ளைகளோடு நானும் பாம்பன் குந்துகால் படகுத்துறையில் டிக்கெட் எடுத்துத் தீவுக்குப் போனேன். அம்மாவையும் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். தான் விரட்டப்பட்ட இடத்துக்குப் பணம் கட்டிப் போகிறோமே என்று படகில் அவர் பேசவே இல்லை. தீவில் ஒரு பையன் நட்சத்திர மீனை வெளியே தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். 'மூச்சு முட்டும் தம்பி, தண்ணியில விட்டுரு' என்று அம்மாதான் முதலில் சொன்னார். திரும்பும்போது ஆழம் குறைந்த இடத்தில் குனிந்து பார்த்துவிட்டு, 'இது நம்ம பாசி இல்லடி, தெப்பத்துல கட்டி வளர்க்குறது, பாரை மூடிருச்சு பாரு' என்றார். கப்பாபைகஸ் என்ற அந்த வெளிநாட்டுப் பாசி குருசடைப் பவளத்தின் மேல் படர்வதை ஆராய்ச்சியாளர்கள் 2008-லேயே எழுதிவிட்டார்கள். உங்கள் நிருபர் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பலனோகிளாசஸ் என்ற புழுவுக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறார், கொடுக்கட்டும், அது அபூர்வமான உயிர்தான். அந்தக் கடலில் நாற்பது வருஷம் மூச்சடக்கி முங்கியவர்களுக்கும் ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

மாதத்தில் இத்தனை நாள்தான் முங்குவது, இரும்பால் சுரண்டக் கூடாது, வேரை விட்டுவிட்டுக் கிள்ள வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் எங்கள் பெண்கள். அவர்களைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. குந்துகாலில் இறங்கி அரை மணி நேரம் பேசியிருந்தால் போதும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஒரு வரியைத் திருத்தி அடுத்த இதழில் போடுங்கள். கடைசிப் பக்கத்து மூலையில் போட்டாலும் சரி. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும், அதனால் எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாசி எடுத்தவரின் மகள்,
மதுரை